மூன்று வாளித் தண்ணீர்

மீசாலை
9.7.1992

தங்கச்சி இரத்தினம்மா அறிவது,

மீசாலையில் நானும் எனது இரண்டு மாடுகளும் சுகம். உன் சுகத்தை நான் விசாரிக்கத் தேவையில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மானிப்பாயில் உன் வளவிலேயே எல்லாரும் அதைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. நான் கோபத்தில் எழுதினால் கடதாசி பற்றிக்கொள்ளும். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன்தான். ஆனால் நிறுத்தியது நானல்ல. "இனி உனக்குச் சொல்லித்தர என்னட்டை ஒண்டும் இல்லையடா சீவரத்தினம்" என்று வாத்தியாரே கண்ணைத் துடைத்துக்கொண்டு அனுப்பிவைத்தார். ஆகையால் நிதானமாகவே எழுதுகிறேன்.

உன் மகள் அருந்ததிக்கு இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தது யார்? தென்மராட்சி முழுக்கச் சைக்கிள் மிதித்து, ஐம்பத்தெட்டு மாப்பிள்ளைமாரைத் தட்டிக்கழித்து, கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கர் வேலை பார்க்கிற இராசநாயகத்தைத் தெரிந்தெடுத்தவன் நான். கலியாணத்துக்கு நாள் வைக்கவென்று அவனுடைய தகப்பன் ஏரம்புவையும் தாய் சிவக்கொழுந்துவையும் உன் வாசலுக்குக் கூட்டிவந்தவனும் நான்தான். நீ செய்தது என்ன?

தேத்தண்ணித் தட்டத்தோடு வந்தாய். ஏரம்புவின் முன்னால் வந்ததும் உன் முகம் செத்தல் மிளகாய் மாதிரிச் சிவந்தது. தட்டத்தை நிலத்தில் வைத்தாய். நேரே கிணற்றடிக்குப் போய், பட்டுச்சீலை உடுத்தபடியே நாற்பது வாளி தண்ணீர் அள்ளித் தலையில் வார்த்தாய். ஏரம்பு கதிரையை விட்டு எழும்பி, "மனிசிக்கு விசரோ?" என்று கேட்க வாயைத் திறந்துவிட்டார். அந்த வாயை நான் கண்டேன். வேறு ஆளென்றால் நடுங்கியிருப்பான். நான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, "ஒருத்தரும் பயப்படாதேங்கோ! தங்கச்சியிலை முருகன் உரு வந்து இறங்கியிருக்கிறார்!" என்று கத்தினேன். அந்த ஒரு சத்தத்தில் உன் மானத்தைக் காப்பாற்றினேன்.

ஏரம்பு சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு கிணற்றடிச் சேற்றில் விழுந்து கும்பிட்டார். சிவக்கொழுந்து மட்டும் கும்பிடவில்லை. வாயைத் திறந்தபடி உன்னையே பார்த்துக்கொண்டு நின்றா. "அப்பனே, எப்ப நாள் வைப்பம்? வாக்குச் சொல்லு!" என்று ஏரம்பு கேட்டார். "தையிலை வை" என்று இரண்டே இரண்டு சொல் சொல்லியிருந்தால் காரியம் முடிந்தது. நீயோ, "எல்லாரும் போங்கோ! என்ரை கண்ணுக்கு முன்னாலை ஒருத்தரும் நிக்காதேங்கோ!" என்று குளறினாய்.

போய்விட்டார்கள். தேத்தண்ணி கூடக் குடிக்கவில்லை. "முருகனே போ எண்டிட்டார், நான் ஆர் மறுத்துச் சொல்ல?" என்று ஏரம்பு சந்தி சந்தியாய்ச் சொல்லித் திரிகிறார்.

இதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டேன். வருகிற 31ஆம் திகதி ஆடி வெள்ளி. அவர்களைத் திரும்பக் கூட்டிவருவேன். உடுக்கு அடிக்க ஆள் பிடித்தாயிற்று. நீ ஐந்து நிமிடம் தலையை விரித்து ஆடிவிட்டு, "முந்திச் சொன்னது சோதனை, தையிலை கலியாணத்தை முடி" என்று சொன்னால் போதும். மற்றதை நான் பார்ப்பேன்.

இப்படிக்கு,
உன் மானம் காத்த அண்ணை,
சீவரத்தினம்

மானிப்பாய்
14.7.1992

அண்ணைக்கு,

கடதாசித் தட்டுப்பாடு. உங்களுடைய கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதுகிறேன். முன்பக்கத்தில் இருக்கிற பொய்களையும் ஒருமுறை திரும்ப வாசித்துப் பாருங்கள்.

நான் வார்த்தது மூன்று வாளி. நாற்பது அல்ல. நாற்பது வாளி அள்ள என் முழங்கால்களில் இப்போது பலமில்லை.

முருகன் வரவில்லை. வந்தது என்னவென்று சொல்கிறேன், கேளுங்கள். நெஞ்சுக்குக் கீழே ஒரு அடுப்பு மூட்டினாற்போல் தொடங்கும். கழுத்து, காது, உச்சி என்று ஏறும். வேர்வை முதுகால் ஓடும். இதயம் படபடவென்று அடிக்கும். ஐந்து நிமிடத்தில் எல்லாம் அடங்கி, பிறகு குளிர் எடுக்கும். பதினான்கு மாதங்களாக எனக்கு இது இருக்கிறது. அன்றைக்கு விடியமுதல் குசினிக்குள் நின்று உங்கள் விருந்தாளிகளுக்குப் பலகாரம் சுட்டேன். பட்டுச்சீலை உடுக்கச் சொன்னதும் நீங்கள். தட்டத்தோடு நின்றபோது அது ஏறியது. தண்ணீர் வார்க்காவிட்டால் அந்த இடத்திலேயே விழுந்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டரம்மாவிடம் காட்டினேன். "மாதவிடாய் நிக்கிற காலம் அம்மா. இது நோயில்லை. நோயில்லை எண்டாப்போலை நோகாது எண்டில்லை" என்றா. கொடுக்க மருந்து இல்லை, சண்டையால் எல்லாம் தடை. ஆனாலும் அந்த ஒரு வசனத்தைத் துண்டிலே எழுதி வாங்கியதுபோல நெஞ்சிலே வைத்திருக்கிறேன். அதைத்தான் நீங்கள் பிடுங்கிக்கொண்டு முருகன் என்று பெயர் வைத்தீர்கள்.

அந்த நேரம் வெப்பம் தாங்காமல் நின்றவளிடம் ஒரு மனிசன் சேற்றிலே கிடந்து நாள் கேட்டால், அவள் போ என்றுதான் சொல்லுவாள். தெய்வவாக்காம்.

ஆட மாட்டேன். நீங்கள் கட்டிய முடிச்சை நீங்களே அவிழுங்கள். ஏரம்பு வீட்டுக்குப் போய், "உரு இல்லை, நான்தான் பொய் சொன்னன். தங்கச்சிக்கு உடம்பு மாறுகிற வயசு, எரிவிலை சொன்ன சொல்லு அது" என்று சொல்லுங்கள். அருந்ததிக்கு இருபத்தெட்டு வயசு. இந்தச் சம்பந்தம் போனால் இனி இந்தப் படலையை ஒருவரும் திறக்க மாட்டார்கள், "சாமி விலக்கின பெட்டை" என்பார்கள். அந்தப் பழி உங்கள் தலையில்.

இரத்தினம்மா

மீசாலை
20.7.1992

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை வாசித்து எனக்கே வெட்கமாய்ப் போய்விட்டது. ஒரு ஆம்பிளைக்கு, அதுவும் தமையனுக்கு எழுதுகிற விஷயமா இது? இதைப் போய் நான் ஏரம்புவிடம், வெற்றிலைத் தட்டத்துக்கு முன்னால் இருந்து, "மாதவிடாய்" என்று சொல்லவேண்டுமாம்! எனக்கு மீசாலையில் ஒரு பெயர் இருக்கிறது. பங்குனித் திருவிழாவில் என் சொல் இல்லாமல் சேமக்கலம் கூட அடியாது.

அதோடு எனக்கு வைத்தியம் தெரியாது என்று நினைக்கிறாய். கொடிகாமத்துப் பரியாரியார் நாடி பிடித்துச் சந்தேகம் வந்தால் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பார். உனக்கிருப்பது மண்டைச்சூடு. என் மனிசி, உன் மச்சாள் அன்னப்பிள்ளைக்கும் இதே மண்டைச்சூடுதான். வருடக்கணக்காய்க் குசினிச் சீமெந்து நிலத்தில் பாய் கூடப் போடாமல் படுக்கிறாள். எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறாள். நான் என்ன, கடிதம் எழுதி ஊரைக் கூட்டினேனா? மந்திரித்து ஒரு நூல் வாங்கிக் கையில் கட்டினேன். அவ்வளவுதான். இப்போது வாயே திறப்பதில்லை. சுகம்.

ஆடி வெள்ளிக்கு எல்லாம் ஒழுங்கு. ஏரம்பு முதலில் பின்வாங்கினார். நான் விட்டேனா? அவர்கள் போன பிறகு உன் கிணற்றடியில் நீ நின்ற இடத்தில் பச்சைத் தண்ணீர் கொதித்து ஆவி பறந்ததென்றும், நூற்றெட்டு வாளி வார்த்தும் உன் தலைமயிர் நனையவில்லை என்றும் சொன்னேன். மனிசன் அழுதுவிட்டார். இப்போது ஏரம்பு மட்டுமல்ல, சங்கத்து மனேஜர் வருகிறார், பிள்ளை இல்லாத இரண்டு பெண்கள் வருகிறார்கள், மாடு காணாமல் போன ஒருவரும் வருகிறார்.

ஆகவே நீ ஆடத்தான் வேண்டும். ஆடாவிட்டால், சொல்லிவிட்டேன், அருந்ததியின் கலியாணத்தில் தாய்மாமன் என்று மணவறைப் பக்கம் நான் மிதிக்க மாட்டேன். தாய்மாமன் இல்லாத கலியாணத்தை ஊர் எப்படிப் பார்க்கும் என்று யோசி.

சீவரத்தினம்

மானிப்பாய்
25.7.1992

அண்ணைக்கு,

தாய்மாமன் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. அருந்ததி பெரியபிள்ளையானபோது முன்னுக்கு நின்றது நீங்கள். பாலறுகு வைத்துத் தேங்காய் உடைத்துத் தலையில் தண்ணீர் வார்த்தீர்கள். லவுட்ஸ்பீக்கர் கட்டினீர்கள். முந்நூறு பேருக்குச் சோறு. அந்தப் பெட்டைக்கு மாதம் தொடங்கிவிட்டதென்று மானிப்பாய்ச் சந்தி வரைக்கும் கேட்கப் பண்ணினீர்கள். அப்போது உங்களுக்கு வெட்கம் இல்லை. தொடங்கினால் பந்தல் போடலாம், நின்றால் சொல்லவும் கூடாது. இது எந்த ஊர் நியாயம்?

நின்றால் என்றேன். ஒழுங்காய் நிற்கவும் இல்லை. மூன்று மாதம் வராது. பிறகு ஒருநாள் குடம் உடைத்தாற்போல் வரும். பழஞ்சீலை எல்லாம் கிழித்து முடித்துவிட்டேன். சவர்க்காரம் என்ற ஒன்றைக் கண்ணால் காணவில்லை. பனம்பழம் விழத் தொடங்கினால் பனங்களி போட்டுத் தோய்க்கலாம், அதுவரை சாம்பல்தான். எப்போது துடக்கு வருமென்று தெரியாததால் கோயிலுக்குப் போய் ஏழு மாதம். சாமி வந்து இறங்குகிற உடம்பாம்! அந்த உடம்பு கோயில் வாசலை மிதிக்கப் பயந்துகொண்டு கிடக்கிறது.

இரவில் மூன்று தரம் எழும்பி உடுப்பு மாற்றுகிறேன். உப்புப் போட்டேனா என்று மறந்து இரண்டாம் தரம் போடுகிறேன். ஒன்றுமில்லாததற்கு அழுகை வருகிறது. இவருக்குப் பக்கத்தில் பாய் போட்டாலே எனக்கு எரிகிறது. "நான் என்ன பிழை விட்டனான்?" என்று கேட்கிறார். பாவம், அவரிலும் எரிந்து விழுகிறேன். எனக்கு என்னையே பிடிக்கவில்லை அண்ணை. இதை நூல் கட்டி நிறுத்தலாமென்றால் நானே கழுத்தில் கட்டியிருப்பேன்.

நேற்று உங்கள் கடிதத்தை அருந்ததி வாசித்துவிட்டாள். என் பக்கத்தில் வந்திருந்து, "அம்மா, ஒருக்காத்தானே. ஆடினால் என்ன?" என்று கேட்டாள். ஓம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. என் பிள்ளையை என்னிடம் அப்படிக் கேட்கவைத்தீர்களே, அதை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை வராதீர்கள். வந்தால் படலை பூட்டியிருக்கும்.

மச்சாளுக்கு மண்டைச்சூடு இல்லை. உங்களுக்கு மண்டையே இல்லை.

இரத்தினம்மா

மீசாலை
2.8.1992

இரத்தினம்மாவுக்கு,

இனித் தங்கச்சி என்று எழுத என் கை கூசுகிறது.

பதினொரு பேர். உடுக்கோடு, கர்ப்பூரத்தோடு, பூட்டின படலைக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் வெயிலில் நின்றோம். உள்ளே உன் குசினியில் புகை போகிறது, நீ இருக்கிறாய், எல்லாருக்கும் தெரிகிறது. மாடு காணாமல் போனவர் படலையில் ஏறி எட்டிப் பார்த்து, "மனிசி மிளகாய் காயப்போடுது" என்று சொன்னார். என் இடத்தில் வேறொருவன் நின்றிருந்தால் நஞ்சு குடித்திருப்பான். நான் கலங்கவில்லை. "ஆடி மாதம் முருகன் கதிர்காமத்துக்குப் போயிட்டார், திரும்பி வர நாளெடுக்கும்" என்று சொல்லி எல்லாரையும் திருப்பிக் கூட்டிவந்தேன். வருகிற வழியிலேயே மாடும் அகப்பட்டது. அதற்கும் காரணம் நான்தான் என்று இப்போது கதைக்கிறார்கள்.

ஆனால் ஏரம்பு கதைக்கவில்லை. "விடுங்கோ சீவரத்தினம், எங்களுக்குக் குடுத்துவைக்கேல்லை" என்று மட்டும் சொன்னார். சிவக்கொழுந்து வரவேயில்லை. அந்த மனிசிக்கும் ஏதோ சுகமில்லையாம், வீட்டில் ஒரே சத்தமாம்.

சம்பந்தம் முடிந்தது. நீ மிளகாய் காயப்போடு.

சீவரத்தினம்

மானிப்பாய்
20.8.1992

அண்ணைக்கு,

எழுதக் கூடாதென்றுதான் இருந்தேன். ஆனால் நடந்ததை நீங்கள் வேறு யாரிடமாவது கேள்விப்பட்டால் நூற்றெட்டாக்கிவிடுவீர்கள். அதனால் நானே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலமை சிவக்கொழுந்தக்கா தனியே வந்தா. சாவகச்சேரியிலிருந்து மண்ணெண்ணெயில் ஓடுகிற வான் ஒன்றில், நெருக்குப்பட்டு வந்து இறங்கியிருக்கிறா. ஏரம்பருக்குத் தெரியாது. கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. சாமிப்படத்துக்கு முன்னால் இருந்த விபூதித் தட்டத்தை எடுத்து என் கையில் தந்தா.

"எனக்குப் பூசிவிடுங்கோ" என்றா. "ஒரு வருசமாய் நெஞ்சுக்குள்ளையிருந்து ஒரு நெருப்பு ஏறுது. நித்திரை இல்லை. இவரோடை ஒவ்வொரு நாளும் சண்டை. மனிசிக்கு மண்டைப்பிழை எண்டு மகனுக்கே சொல்லிப்போட்டார். அண்டைக்கு உங்கடை முகம் சிவந்ததைக் கண்டன். எனக்கும் அப்பிடித்தான் சிவக்கிறது. உங்களிலை வந்தது முருகன் எண்டால், என்னிலை வாறதும் முருகன்தானோ?"

அண்ணை, தட்டம் என் கையில் இருந்தது. "ஓம் அக்கா, முருகன்தான். தையிலை கலியாணத்தை வை" என்று சொன்னால் முடிந்தது. நீங்கள் கேட்ட அதே இரண்டு சொல். அறைக் கதவுக்குப் பின்னால் அருந்ததி நின்றாள், அவளுடைய மூச்சு எனக்குக் கேட்டது. நான் தட்டத்தைக் கீழே வைத்தேன்.

"முருகன் இல்லை அக்கா. எனக்கும் உதுதான்" என்றேன். டொக்டரம்மா சொன்ன வசனத்தை அப்படியே சொன்னேன். சீலை கிழிக்கிறது, உப்பு மறக்கிறது, அழுகிறது எல்லாம் சொன்னேன். சம்பந்தம் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"அப்ப உங்கடை தமையன் சொன்னது பொய்யோ?"

"ஓம், பொய்."

"நூற்றெட்டு வாளி?"

"மூண்டு."

"மூண்டு வாளிக்கு அது அடங்குமோ?"

"கொஞ்ச நேரத்துக்கு அடங்கும்."

அப்போதுதான் இருந்தா. இருந்து அழுதா. பிறகு ஒரு சிரிப்பு. மண்டைப்பிழை இல்லை என்று ஒருவர் சொல்ல ஒரு வருடம் காத்திருந்தாவாம். வெயில் ஏற அவவுக்கும் அது ஏறியது. நான் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் அள்ளி வார்த்தேன். என்னுடைய சீலையை உடுத்திக்கொண்டுதான் வான் பிடிக்கப் போனா.

போகும்போது சொன்னா: "ஏரம்பருக்கு நான் சொல்லுறன். முப்பது வருசமாய் அவற்ரை நாரிநோவு முழுக்கக் கேட்டனான். என்ரை ஒண்டை அவர் கேக்கட்டும். தையிலை நாள் பாப்பம். எனக்கு வாற மருமகளுக்கு உண்மை சொல்லுற தாய் இருந்தால் காணும், வேறொண்டும் வேண்டாம்."

நீங்கள் மணவறைக்கு வருவதா இல்லையா என்பது இப்போது உங்கள் கையில் இல்லை, என் கையில். ஒரு நிபந்தனை. அன்னப்பிள்ளை மச்சாளிடம் போய், "உனக்கு உடம்பு எப்பிடி இருக்கு?" என்று கேளுங்கள். அவ சொல்லுகிற பதிலை, ஒரு சொல்லும் கூட்டாமல், எனக்கு எழுதி அனுப்புங்கள்.

இரத்தினம்மா

மீசாலை
25.8.1992

அன்புள்ள தங்கச்சிக்கு,

பார்த்தாயா! எல்லாம் என் கணக்குப்படியே நடந்திருக்கிறது. நான் உரு என்று சொல்லியிராவிட்டால் சிவக்கொழுந்து விபூதிக்கு வந்திருப்பாவா? படலையை நீ பூட்டுவாய் என்று எனக்கு முதலே தெரியும். பூட்டட்டும், அவ தனியே வரட்டும் என்றுதான் பதினொரு பேரைக் கூட்டிவந்தேன். இதை ஏரம்புவிடம் சொன்னேன், என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினார்.

நீ சொன்னபடி அன்னப்பிள்ளையிடமும் கேட்டேன். "எனக்கென்ன குறை? உங்களைப்போலை ஒரு புருசன் வாய்க்க நான் ஏழு பிறப்பும் தவம் செய்திருக்கவேணும்" என்று சொல்லி என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

தாய்மாமனுக்குப் பட்டுவேட்டி எட்டு முழம் போதும்.

சீவரத்தினம்

மானிப்பாய்
29.8.1992

அண்ணைக்கு,

மச்சாளை எனக்கு முப்பத்தொரு வருடமாகத் தெரியும். அவ அப்படிக் கதைக்க மாட்டா. நீங்கள் கேட்கவேயில்லை.

உங்களுக்கு வேட்டி எடுக்க மாட்டேன்.

இரத்தினம்மா

மீசாலை
6.9.1992

தங்கச்சிக்கு,

இந்த முறை கேட்டேன்.

குசினி நிலத்தில் படுத்திருந்தாள். "உனக்கு உடம்பு எப்பிடி இருக்கு?" என்றேன். எழும்பி இருந்து என்னைப் பார்த்தாள். "ஆரும் செத்துப்போச்சினமோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"ஆறு வருசம்" என்றாள். பிறகு, "இந்த நூலை அறு" என்றாள். வேர்வையில் அது கறுத்து, கையில் புண் வைத்திருந்தது. எனக்குத் தெரியாது. மாட்டுக் கத்தியால் அறுத்தேன்.

இன்று வரைக்கும் என்னோடு கதைக்கவில்லை. கிணற்றடிக்குப் போனாள். நான் பின்னால் போனேன். அவள் வாளியைத் தொட முதல் நான் எடுத்து அள்ளி வார்த்தேன்.

மூன்று வாளி.

சீவரத்தினம்